ராஜமணியின் முதற்பலன்

அறுப்பின் பண்டிகைக்கு மத்தங்காயைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தபோது தங்கபாய்க்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. கரண்டு பில் கட்ட வேண்டிய நாள் வந்தால் எழுந்துபோய்க் கட்டுகிற மாதிரி, செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. அவ்வளவுதான். புருஷன் ராஜமணி போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை. பாறசாலையிலிருந்து வந்த சொந்தக்காரிகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தார்கள். இவள் அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கல்மனசுக்காரி என்று ஊர் பேசியது. ஊர் எதைத்தான் பேசாது! அது காதில் விழுந்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

மத்தங்காய் என்றால் பூசணிக்காய்தான். மார்க்கெட்டில் தெருவுக்குத் தெரு கிடக்கும். ஆனால் இந்த ஒரு காய் விளைந்திருந்த இடம் வேறு.

ராஜமணிக்கு அப்பா வழியாக வந்த விளை ஒன்று சரிவான நிலமாக இருந்தது. ஒரு காலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளியும் வாழையுமாகக் கிடந்த மண். பல வருஷங்களுக்கு முன்னால் வெள்ளைக் களிமண் எடுக்கிற ஒரு கம்பெனி வந்து குத்தகைக்குக் கேட்டது. ராஜமணி கையெழுத்துப் போட்டார், பக்கத்து விளைக்காரர் ஞானையன் போட்டார், அந்தச் சரிவில் முக்கால்வாசிப் பேர் போட்டார்கள். கம்பெனி தோண்டியது, கழுவியது, அள்ளியது, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போயே போய்விட்டது. பின்னால் கிடந்தது ஒரு பெரிய பள்ளம், அதில் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் தண்ணீர், சுற்றிலும் புல்கூட முளைக்காத மண். ராஜமணி விடவில்லை. மரச்சீனிக் கம்பு நட்டார். ஒரு சாண் வளர்ந்து கருகியது. மறுபடி நட்டார், மறுபடியும் கருகியது. மண் புளித்துப்போய்விட்டது, ஈயமும் காட்மியமும் ஏறிவிட்டது என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சொற்களை ராஜமணி சபை ஜெபத்தில்கூடச் சொல்லிப் பிரார்த்தித்தார். ஆண்டவருக்கு எது எதுவென்று தெளிவாகத் தெரியட்டும் என்று நினைத்திருப்பார் போல.

அவருக்கு மண் போனதைவிடப் பெரிய மானக்கேடு ஒன்று வருஷா வருஷம் வந்தது. அறுப்பின் பண்டிகையன்று சபையார் எல்லோரும் தங்கள் நிலத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆல்டர் என்கிற பலிபீடத்தின் முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள், பிறகு எல்லோருக்கும் விருந்து. ராஜமணி மார்க்கெட்டில் ஏத்தங்குலை என்கிற நேந்திர வாழைக்குலை வாங்கிக்கொண்டு போவார். வைத்துவிட்டு வந்து பெஞ்சில் குனிந்தே உட்கார்ந்திருப்பார்.

"எவனுக்கயோ முதற்பலன நான் கொண்டு வைக்கியேன், தங்கபாயி" என்பார் வீட்டுக்கு வந்து. "எனக்க மண்ணுல ஒண்ணு வெளையட்டு. எதானாலும் செரி. அத நான் அங்க வைக்கணும். பின்ன எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அது அவருடைய நேர்ச்சை, ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல். சபையில் தெரியாதவர் யாருமில்லை.

பிறகுதான் ஷில்பா வந்தாள். நகரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் வாடகை பிளாட். சூரியகாந்தி, கடுகு, ராமச்சம் எனப்படும் வெட்டிவேர் என்று செடிகளைக் கொண்டுவந்து ராஜமணியின் விளையில் வரிசை வரிசையாக நட்டாள். மண்ணில் இருக்கிற விஷத்தை இந்தச் செடிகள் வேர் வழியாக உறிஞ்சி எடுக்கும். முற்றியதும் வேரோடு பிடுங்கி, மஞ்சள் பைகளில் கட்டி, லாரியில் ஏற்றி, அதற்கென்று இருக்கிற உலைக்கு அனுப்ப வேண்டும். பிறகு மறுபடி நட வேண்டும். இப்படிப் பல தடவை செய்தால் மண் தேறும்.

"இதுக்க ஜோலி வெசத்தத் தின்னுறது, ஆன்ட்டி. நம்ம இத தின்னப் பாடில்ல, தின்னவே கூடாது" என்று ஷில்பா முதல்நாளே சொன்னாள். "மாடு தின்னப் பாடில்ல, கோழி கொத்தப் பாடில்ல. ஒரு இல கூட வேலிக்கு வெளிய போகப் பாடில்ல. போச்சுன்னா ப்ராஜெக்ட நிறுத்திருவாங்க. பின்ன இந்த எடத்த அடச்சுப் பூட்டிட்டு எல்லாரும் மறந்துருவாங்க."

ராஜமணி அந்தச் செடிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். பரிசோதனைக்கு மண் எடுத்துக்கொண்டு போகும்போதுதான் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. ஷில்பா அவர் பார்த்த காவல்வேலையைத் தங்கபாய்க்கே கொடுத்தாள். தங்கபாயும் மறுவாரமே குடையை எடுத்துக்கொண்டு விளைக்குப் போனாள். அங்கே இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

மத்தன்கொடியை யாரும் நடவில்லை. வேலியோரம் ராமச்சப் புதருக்குப் பின்னால் தானாக முளைத்திருந்தது. நடாத செடி எது முளைத்தாலும் பிடுங்கிப் பையில் போட வேண்டும் என்பது சட்டம். தங்கபாய் பிடுங்கத்தான் குனிந்தாள். மஞ்சளாக ஒரு பூ இருந்தது. நாளைக்குப் பிடுங்கலாம் என்று நிமிர்ந்தாள். பாசத்தினால் இல்லை, முதுகு வலித்தது. மறுநாள் பிஞ்சு தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் நேர்ச்சை ஞாபகம் வந்தது. அப்போதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. சூரியகாந்தி இலை நாலைந்தைப் பறித்து, ஷில்பாவின் கண்ணில் படாதபடி அதை மூடிவைத்தாள். காய் பெருத்து, வரி ஓடி, பழுத்தது. காம்புக்கு அடியில் தட்டினால் நல்ல கெட்டிச் சத்தம் வந்தது.

அவள் ஒன்றும் புத்தியில்லாதவள் அல்ல. யாரும் இதைத் தின்னக் கூடாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். தன் வீட்டுப் பொருளைத் தானே ஏலத்தில் எடுப்பது சபையில் சகஜம். ஆல்டர் முன்னால் வைக்க வேண்டியது. பந்தலில் ஏலம் வரும்போது தானே எடுத்துவிட வேண்டியது. நேரே விளைக்குக் கொண்டுபோய் மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டியது. ஆண்டவருக்கு முதற்பலன் போய்ச் சேர்ந்துவிடும், ராஜமணியின் நேர்ச்சையும் முடிந்துவிடும். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் ஆகிவிடும். ஒரு மத்தங்காய்க்கு எவன் போட்டி போடப்போகிறான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மத்தங்காயைப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். சபைக் கோயில் வாசலில் பொருட்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவர் பிச்சையா. எல்லா வருஷமும் ஏலம் விடுகிறவரும் அவர்தான். வெண்கலத் தொண்டை அவருக்கு.

"மத்தங்காயா! எங்கயுள்ளது அக்கா?"

மார்க்கெட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நேர்ச்சைக்கு என்ன அர்த்தம்? தங்கபாய் உள்ளதையே சொன்னாள்.

"விளையில உள்ளது."

"ஏது விளை?"

"அவருக்க விளை."

பிச்சையா காயை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உள்ளே கொண்டுபோய், ஏத்தங்குலைகளையும் தேங்காய்களையும் ஒதுக்கிவிட்டு, நட்டநடுவில் வைத்தார். ஆராதனை முழுக்கத் தங்கபாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதாவது ஏதாவது வரும் என்று நினைத்தாள். பாட்டு வந்தது, பிரசங்கம் வந்தது, காணிக்கைப் பை வந்தது. அவளுக்குள்ளே ஒன்றும் வரவில்லை.

பந்தலில் ஏலம் தொடங்கியது. சேவல் போயிற்று, குலைகள் போயின, ஒரு சாக்கு மரச்சீனி போயிற்று. அதன் பிறகு பிச்சையா மத்தங்காயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இது எந்தக் கடையில உள்ளதும் இல்ல! கம்பெனிக்காரன் கொன்னுட்டுப் போன மண்ணுல வெளஞ்சது. நம்ம ராஜமணி அண்ணனுக்க விளையில வெளஞ்ச மத்தங்காய்!"

பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப்பார்த்தார்கள். பிறகு "ஸ்தோத்திரம்" என்று ஒரு கிழவி சொன்னாள். கூட்டம் முழுக்கச் சொன்னது.

தங்கபாய் கையைத் தூக்கி ஒரு விலை கேட்டாள். உடனே பின்னாலிருந்து ஒருவன் அதற்கு மேலே கேட்டான். அவள் ஏற்றினாள். பாட்டுக்குழுவிலிருந்து ஒருத்தி இன்னும் ஏற்றினாள். தங்கபாய் திரும்பிப் பார்த்தாள்; அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

"அக்காள எடுக்க விடப்பிடாது, கேட்டியளா!" என்று யாரோ கத்தினார்கள். "அண்ணன் ஆண்டவருக்குக் குடுத்தது. குடுத்த கையிலயே திரும்பப் போகப்பிடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். ஏட்டிக்குப் போட்டியாக விலை ஏறியது. அவள் ஒன்று சொன்னால் நாலு திசையிலிருந்தும் அவளை முந்தினார்கள். ராஜமணிமேல் அத்தனை பேருக்கும் இத்தனை பிரியம் இருந்ததை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. அவள் கைவசம் இருந்ததைத் தாண்டி விலை எப்போதோ போய்விட்டது. கடைசியில் ஞானையன் எழுந்து நின்று ஒரே தாவலாக ஒரு விலை சொன்னார். அதற்கு மேலே கேட்க ஆளில்லை.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

ஞானையன் முன்னால் வந்து காயைக் கையில் வாங்கினார். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ராஜமணி விளை என்றால் அந்தப் பக்கம் அவருடையது. அவர் விளையில் இன்னும் எவரும் ஒரு செடிகூட நடவில்லை.

"இது எனக்கு வேண்டாம், சபைக்குத்தான்" என்றார். "இன்னைக்கு விருந்துல இத எரிசேரிக் கூட்டு வைக்கணும். கொச்சுப்பிள்ளைகள் மொதக்கொண்டு எல்லாருக்கும் ஒரு துண்டாவது வரணும். அந்த மண்ணுக்கு உயிரு வந்தாச்சுன்னு நாம எல்லாரும் ருசிச்சுப் பாக்கணும்."

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. காயை யாரோ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்குப் போனார்கள்.

தங்கபாய் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தனை பெரிய பாத்திரத்தில் ஒரு காய்தானே என்று நினைத்தாள். ஆளுக்கு ஒரு துண்டு. நாளைக்கே யாரும் சாகப்போவதில்லை. இந்த விஷம் வயிற்றுவலி போல வந்து போகிறது அல்ல, எலும்பில் போய்த் தங்கும், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ரொம்பக் கெடுதல் என்று ஷில்பா சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்து என்ன? அது யாருக்கோ நடக்கப்போகிற காரியமாகத்தான் தோன்றியது. சொல்லாமல் இருந்துவிட்டால் ராஜமணியின் பெயர் நிற்கும், ப்ராஜெக்டும் நடக்கும். இப்படியெல்லாம் நினைக்க முடிகிறதே என்றுகூட அவளுக்கு அதிர்ச்சி வரவில்லை. எதிரே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இலை போட ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தை இலையை நக்கிப் பார்த்தது.

தங்கபாய் எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

உள்ளே பிஜி வெட்டுக்கத்தியோடு நின்றிருந்தாள். ராஜமணியின் சித்தப்பா மகள்; விருந்துச் சமையல் எப்போதும் அவள் பொறுப்பு. மத்தங்காய் பிளந்து துண்டு துண்டாகக் கிடந்தது. உள்ளே தங்கம் மாதிரி நிறம்.

"பாருங்க மைனி, என்னா நெறம்! அண்ணன் இருந்தா இன்னைக்குத் துள்ளிக் குதிச்சிருப்பாரு."

"பிஜி, அத இங்க தா. அது எனக்கு வேணும்."

பிஜி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்தாள். "மனசு வரல்ல, இல்லியா? எனக்குப் புரியுது. அழுங்க மைனி. இப்பமாவது அழுங்க." ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளை உட்காரவும் வைத்தாள். மற்றப் பெண்களும் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி துண்டுகளைக் கை நிறைய அள்ளி, கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் போட்டாள்.

தங்கபாய் அத்தனை கைகளையும் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பாத்திரத்தின் காதைச் சேலைத் தலைப்போடு பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பயறும் தண்ணீரும் துண்டுகளுமாகச் சிமெண்டுத் தரையில் கொட்டி ஆவி பறந்தது. பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள்.

சத்தம் கேட்டுப் பந்தலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் ஐயர் வந்தார். சபைப் போதகரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பின்னால் ஞானையன்.

"இத யாரும் தின்னப்பிடாது" என்றாள் தங்கபாய். "வெசம். அந்த மண்ணுல உள்ள வெசம் பூராவும் இதுக்குள்ள ஏறியிருக்கும். தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன். நானே ஏலத்துல எடுத்துரலாம்னு நெனச்சேன். நீங்க விடல்ல."

ஐயர் சிதறிய துண்டுகளைத் தாண்டி முன்னால் வந்தார். "விஷம்னு தெரிஞ்சுதானா அம்மா, அத ஆண்டவர் சந்நிதியில வச்சீங்க?"

"ஆண்டவரு திங்கப்போறாரா ஐயரே?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக உயர்ந்தது. "நேர்ச்ச வச்சது அவரு. வச்சவரு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எனக்கிட்ட ஒரு சொல்லு சொல்லாமப் போயிட்டாரு. கையெழுத்துப் போட்டதும் அவரு, கெடுத்ததும் அவரு, நேர்ந்துக்கிட்டதும் அவரு. நான் அத எங்க கொண்டு வைக்க? சொல்லுங்க. நான் எங்க கொண்டு வைக்க?"

கோபம்தான் அது. சுத்தமான கோபம். அடக்கத்தன்று வந்திருக்க வேண்டியது இப்போதுதான் வந்தது.

ஞானையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிய அந்த நிற்பும், ஒட்டிப்போன கன்னமும், மரச்சீனி கருகிய அன்றைக்கு விளையில் நின்ற ராஜமணியே போல இருந்தன.

"அப்ப அந்த மண்ணு நன்னாகல்லியா, தங்கபாயி?"

"இல்லண்ணே."

"எனக்க மண்ணும்?"

"இல்லண்ணே. இனி நான் ஷில்பாவக் கூப்பிட்டுச் சொல்லணும். சொன்னா ஒருவேள எல்லாத்தயும் நிறுத்திருவாங்க."

"சொல்லத்தான் வேணும்" என்றார் அவர். மெதுவாகக் குனிந்து, தரையில் சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். சூடு கையைச் சுட்டிருக்கும், அவர் காட்டிக்கொள்ளவில்லை. "ஏலத்துல எடுத்தது நான். நானே கொண்டுபோயிக் குழிச்சு மூடிருதேன்."

"மூடப்பிடாது அண்ணே. மண்ணுக்கே திரும்பப் போயிரும். மஞ்சப் பையில போட்டு அனுப்பணும்."

ஞானையனின் கை நின்றது. உள்ளங்கையில் இருந்த ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப இதுல இருக்கப்பட்டது பூராவும் அந்த மண்ணுல இருந்து வந்ததா?"

"ஆமா."

"இத அனுப்பினா, இது பின்ன அங்க இல்ல?"

"இல்ல."

"அப்ப அவ்வளவுக்குக் கொறஞ்சிருக்குல்லா, தங்கபாயி" என்றார் ஞானையன். "அவனுக்க மண்ணுல அவ்வளவு வெசம் கொறஞ்சிருக்குல்லா."

ராஜமணி இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார், இதே ராகத்தில், இதே வெட்கங்கெட்ட ஆசையோடு. அவர் இனிமேல் எதையும் சொல்லப்போவதில்லை என்பது தங்கபாய்க்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது. அவள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். வாயைப் பொத்தப் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளைகள் இலை முன்னால் எழுந்து நின்று எட்டிப்பார்க்கிற அளவுக்கு, ஊர் கல்மனசுக்காரி என்று சொன்னவள் புருஷன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டு அழுதாள். பிஜி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞானையன் நிமிரவில்லை, கடைசித் துண்டு வரைக்கும், ஒட்டியிருந்த விதைகள் உட்பட, பொறுக்கிக்கொண்டே இருந்தார்.